அம்மாவின் மூக்குத்தி போட்ட கோடு

பிப்ரவரி 5, திங்கள்

இந்த டைரி என் மகன் குணசீலனின் லாரி புக்கிங் ஆபீஸுக்கு உரக் கம்பெனிக்காரன் கொடுத்தது. ஜனவரி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. மேல்பல் ஈற்றில் வந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்த டாக்டர், "பாட்டி, கொஞ்ச நாளைக்கு வாயை ரொம்ப அசைக்காதீங்க. ஏதாவது சொல்லணும்னா எழுதிக் காட்டுங்க" என்றார். அதைக் கேட்டதும் மருமகள் இந்துமதியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். மறக்காதவை ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அதுவும் போய்ச் சேர்ந்துகொண்டது.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். ஐந்துவரை படித்தாலும் எழுத்து முத்து மாதிரி இருக்கும். அதை ஒரு நாளும் பாராட்டாமல் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்த பெரியநாயகி டீச்சரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே வாடகைக்கு ஓர் அறை எடுத்திருக்கிறோம். அறுத்த இடத்தில் மிச்சம் மீதி இருந்தால் அதைச் சுடுவதற்குக் கரண்டு வைக்க வேண்டுமாம். டாக்டர் அதை ரேடியேஷன் என்கிறார். இன்றைக்கு அதற்கு முந்தின வேலை. வெந்நீரில் நனைத்த வலையை முகத்தில் போட்டு அழுத்தினார்கள். ஆறியதும் என் முகத்துக்கு அச்சு ஆகிவிட்டது. அதை மாட்டிக்கொண்டே ஸ்கேன்.

காதில் கிடந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் கழற்றி இந்துமதியிடம் கொடுத்தேன். மூக்குத்தி வரவில்லை. ஸ்கேன் எடுக்கிற ஆள் இரண்டு தடவை திருகிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று அதோடேயே ஸ்கேன் எடுத்துவிட்டார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் கூப்பிட்டனுப்பினார்கள். கூப்பிட்டது டாக்டர் இல்லை, பெனிட்டா என்கிற பெண். கரண்டு எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவள் வேலையாம். எம்.எஸ்ஸி. படித்திருக்கிறாள். தலைக்கு எண்ணெய் வைத்து ஒரு வாரம் இருக்கும்.

என் தலையின் படத்தைக் காட்டினாள். எனக்கு என் முகம் பிடித்ததே இல்லை, உள்ளே பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மூக்குப் பக்கத்தில் ஒன்று பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சூரியன் வரைவார்களே, அதுபோல அதிலிருந்து வெள்ளைக் கோடும் கறுப்புக் கோடுமாக நாலா பக்கமும் ஓடியது. ஒரு கோடு கண்வரைக்கும் போயிருந்தது.

"இது உங்க மூக்குத்தி பாட்டி. உலோகம் இருந்தா படத்துல இப்படிக் கோடு விழுந்துரும். இது எதுவும் உங்க முகத்துல நிஜமா இல்ல."

இல்லாததற்கு ஏன் என்னைக் கூப்பிட்டாய் என்று எழுதிக் காட்டினேன்.

அவள் கோபப்படாமல் சொன்னாள். "கம்ப்யூட்டர் படத்தை நம்பித்தான் கணக்குப் போடுது. வெள்ளையா இருந்தா எலும்புன்னு நினைச்சுக்கும், கறுப்பா இருந்தா காத்துன்னு நினைச்சுக்கும். எலும்புன்னா கதிரைக் கொஞ்சம் தடுக்கும், காத்துன்னா விட்டுரும். பொய்க் கோட்டை நம்பிக் கணக்குப் போட்டா, கட்டி இருந்த இடத்துல கதிர் குறையும், கண்ணுகிட்ட கூடும். உங்களுக்குக் கண்ணுக்கும் அந்த இடத்துக்கும் நடுவுல ஒரு விரல்கூட இல்ல பாட்டி."

இந்துமதி, "கோட்டை அழிக்க முடியாதாம்மா? போன்லயே எல்லாம் அழிக்கலாமே" என்று கேட்டாள். அவள் போனில் எடுத்த படத்தில் என்னைக்கூட வெள்ளைக்காரி ஆக்கி வைத்திருக்கிறாள்.

"அழிக்கலாம் அக்கா. எங்ககிட்டயும் அதுக்கு மெஷின் இருக்கு. ஆனா அது பக்கத்துல இருக்கறதைப் பாத்து ஊகிச்சுத்தான் நிரப்பும். மிச்சத்தை நானும் கையால திருத்தலாம். இருந்தாலும் மூக்குத்தியைக் கழட்டிட்டு வேற ஸ்கேன் எடுத்தா, ஊகமே வேண்டாம்."

என் கண்ணோரத்தில் ஊகமா? எனக்கு வலது கண்ணில்தான் பார்வை நன்றாக இருக்கும். சண்டைக்காரி யாராவது தெருமுனையில் வந்தாலே கண்டுபிடித்துவிடுவேன். கழற்றிவிடலாம் என்று எழுதினேன்.

ராத்திரி சேர்த்து எழுதியது: இந்த மூக்குத்தி அம்மாவுடையது. ஏழு கல், சிவப்பு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இது என் மூக்குக்கு வந்தது. எப்படி வந்தது என்பது இப்போது முக்கியமில்லை. முக்கியம் என்னவென்றால், அம்மாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது, இன்னும் மாலைகூட வரவில்லை, என்கூடப் பிறந்த தூத்துக்குடிக்காரி அத்தனை பேர் நடுவிலும், "அம்மா மூக்குத்தி எங்கட்டி?" என்று என்னைக் கேட்டாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மயில்கழுத்து நிறத்தில் சேலை. துக்க வீட்டுக்கு. அதற்கப்புறம் நான் அவளோடு பேசவில்லை. மூக்குத்தியையும் கழற்றவில்லை. அவள் ஞாபகம் வரும்போதெல்லாம் கை தானாக மூக்குக்குப் போய் அதை உருட்டும்.

பிப்ரவரி 7, புதன்

தேங்காய் எண்ணெய் விட்டு இந்துமதி திருகினாள். வரவில்லை. சோப்பு நுரை போட்டு நர்ஸ் திருகினாள். வரவில்லை. குணசீலன் கையுறை மாட்டிக்கொண்டு திருகினான். லாரிக்கு நட்டு முடுக்குகிறவன் மாதிரியே திருகினான். எல்லோரும் திருகத் திருக அது மூக்குக்குள் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டது. மூக்கு, குடைமிளகாய் மாதிரி வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

குணசீலன் ஒரு நகைக்கடையிலிருந்து ஆளைக் கூட்டிவந்தான். அவர் சின்னக் குறடு ஒன்றை எடுத்து ஒரு திருகுதான் திருகினார். நான் போட்ட சத்தத்தில் எதிர் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. வாயை அசைக்கக்கூடாது என்பதெல்லாம் அந்த நேரம் ஞாபகம் இல்லை.

"இது கழலாது. வெட்டித்தான் எடுக்கணும். வெட்டுனா கல்லு தேறும், கல்லைப் பதிச்ச கட்டு தேறாது" என்றார் அவர்.

வெட்டக்கூடாது என்று எழுதினேன். பெரிய எழுத்தில்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். "பாட்டி, அறுத்த புண் ஆறியாச்சு. இதுக்கு மேல தள்ளிப்போட்டா மிச்சமிருக்கிறது முளைச்சுக்கும். திங்கக்கிழமைக்குள்ள கழட்டுங்க. இல்லைன்னா திங்கக்கிழமை நானே வெட்டிருவேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு ஆபரேஷன் நாளும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரி 9, வெள்ளி

வெட்ட விட்டுவிட்டால் தூத்துக்குடிக்காரி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "பாத்துக்கத் துப்பில்லாதவகிட்ட கெடந்தா அப்படித்தான்" என்பாள். வெட்டாமல் விட்டால் கண்ணுக்கு ஊகம்.

இந்துமதியை உட்காரவைத்து ஒரு விஷயத்தை எழுதிக் காட்டினேன். எக்காரணத்தைக் கொண்டும் தூத்துக்குடிக்குப் போன் போடக்கூடாது. முக்கியமாக இந்த நம்பருக்குப் போடக்கூடாது என்று நம்பரையும் எழுதினேன். அவள் எந்த நம்பருக்குப் போடக்கூடாது என்று தெரியாமல் போட்டுவிடக்கூடாதல்லவா.

"இத்தனை வருஷம் பேசாம இருந்தும் நம்பர் மனப்பாடமா இருக்கே அத்தை" என்றாள்.

எனக்கு எல்லாமே மனப்பாடம்தான். கல்யாணமாகி வந்த முதல் நாள் அவள் எனக்குச் சர்க்கரை போடாத காபி கொடுத்ததும்கூட.

பிப்ரவரி 10, சனி

இந்துமதி மொட்டைமாடிக்குப் போய் யாருடனோ பேசிவிட்டு வந்தாள். அறைக்குள் சிக்னல் இல்லையாம். அறைக்குள் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

நல்ல சேலை ஒன்றை எடுத்து வைத்தேன். சும்மாதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பத்து மணிக்குத் தூத்துக்குடிக்காரி வந்தாள். அன்னபுஷ்பம் என்று பெயர். என்னைவிட மூத்தவள். முட்டி தேய்ந்துவிட்டது போல, வாசல் படியில் பக்கத்துச் சுவரைப் பிடித்து ஏறினாள். பார்க்காத மாதிரி இருந்தேன்.

என்னை விட்டுவிட்டு இந்துமதியிடம் கேட்டாள். "உங்க மாமியா எப்படி இருக்காளாம்?"

நான் அவளுக்கு எதிரில்தான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்துமதியிடம் டைரியை நீட்டினேன். வந்தவங்களுக்குக் காபி கொடு, சர்க்கரை வேண்டாம், அவங்களுக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்று அதில் எழுதியிருந்தேன்.

"எனக்குச் சர்க்கரை இருக்குன்னு உங்க மாமியாளுக்கு யாரு சொன்னாவளாம்?"

விசாரிக்கிறதுக்கு எனக்கும் ஆள் இருக்குன்னு சொல்லு, என்று எழுதினேன்.

இந்துமதி, "பெரியத்தை, நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கோங்க. எனக்கு இட்லி வாங்கப் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். மருமகள் செய்கிற காரியமா இது.

தூத்துக்குடிக்காரி எழுந்து போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். விரலுக்கு விரல் கழுவினாள். வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூக்கைக் காட்டுட்டி."

காட்டினேன். டாக்டர் சொன்ன திங்கட்கிழமைக்காகத்தான் காட்டினேன்.

"எவன்ட்டி இப்படி வீங்க வச்சான்? எல்லாவனும் அந்தப் பக்கமே திருகிருக்கான். மாட்டை வண்டியில பின்னால கட்டுன மாதிரி."

வேறு எந்தப் பக்கம் திருகுவார்கள் என்று எழுதப்போனேன்.

"நீ எழுதாதட்டி. அசையாம இரு. அம்மாவுக்கு என்ன பழக்கம்? எதையாவது யோசிச்சா மூக்குத்தியைப் போட்டு உருட்டுவா. உருட்டி உருட்டி மொத மூக்குத்தி கழன்டு சாம்பாருக்குள்ள விழுந்துட்டு. அதுக்குத்தான் ஆசாரிகிட்டச் சொல்லித் திருகாணியை எதிர்ப்பக்கமா வெட்டச் சொன்னா. உருட்ட உருட்ட இறுகணும்னு. உனக்கும் அதே பழக்கம்னு அங்கயிருந்தே எனக்குத் தெரியும். என்னை நெனைச்சு எத்தனை உருட்டு உருட்டுனியோ."

இடது கையால் மூக்குக்கு உள்ளே பிடித்துக்கொண்டு, வலது கையால் அடுத்த பக்கம் திருப்பினாள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் எறும்பு கடித்த மாதிரி ஒன்று. அப்புறம் அவள் உள்ளங்கையில் மூக்குத்தி.

"ஆஸ்பத்திரியில அம்மாகிட்ட இருந்து கழட்டி உனக்குத் திருகிப் போட்டவ நான்தான? எனக்குத் தெரியாதா கழட்ட? மூக்குல கெடந்தா தொலையாதுன்னு நான்தான சொன்னேன்?"

அந்த நேரம் பார்த்துப் பேனா எழுதவில்லை.

அவள் விடவில்லை. "எழவு வீட்டுல ஊரு பொம்பளைக, மூக்கு மூளியா இருக்கே, மூக்குத்தி எங்கன்னு என்னைய அரிச்சாளுக. நான் உன்னையக் கேட்டேன். இந்தா இருக்குன்னு சொல்லிருந்தா முடிஞ்சுது. நீ மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்ட. உள்ள போனவ இன்னைக்குத்தான் வெளிய வார."

மயில்கழுத்துச் சேலையைப் பற்றிக் கேட்டேன். அப்போது பேனா எழுதியது.

"சாவுத் தாக்கல் வந்ததும் கட்டியிருந்த சேலையோட பஸ் ஏறுனேன்ட்டி. பெத்தவ செத்துக் கெடக்கா, சேலை மாத்திக்கிட்டா வருவாவ?"

இந்துமதி இட்லியோடு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு மூக்கு வீக்கம். அவளுக்கு என்னவென்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

மறுபடியும் அச்சு, மறுபடியும் ஸ்கேன். பெனிட்டா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். முதல் படத்தில் சூரியன். இரண்டாவதில் கோடு ஒன்றுமில்லை, மூக்கு மூக்காக இருந்தது. அவளுக்கு என்ன சந்தோஷம். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்ப கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம் பாட்டி. எப்படிக் கழட்டுனீங்க?"

தூத்துக்குடியிலிருந்து ஆள் வரவழைத்தோம் என்று எழுதினேன். ஆள் பக்கத்தில் நின்று வெட்கப்பட்டது.

அறைக்கு வந்ததும் தூத்துக்குடிக்காரி மூக்குத்தியைச் சீயக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி என்னிடம் நீட்டினாள். அறையில் பூட்டு சரியில்லை, உன்னிடமே இருக்கட்டும் என்று எழுதினேன். பூட்டு சரியில்லை என்பது உண்மை. கொஞ்சம் ஆடுகிறது.

பிப்ரவரி 21, புதன்

இன்றைக்கு முதல் கரண்டு. அச்சை மாட்டிக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டினார்கள். எனக்குப் பயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறைக்கு வெளியே வந்தபோது என் கையில் இன்னொருத்தியின் சேலைத் தலைப்பு இருந்தது. உள்ளே போகுமுன் எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. அவள் தலைப்பை இழுத்துக்கொள்ளாமல் கதவுவரை வந்திருக்கிறாள். நர்ஸ்தான் பிரித்துவிட்டாளாம். நுனி கிழிந்து என் கையோடு வந்துவிட்டது. சேலை விலையை இனி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

மார்ச் 4, திங்கள்

தினமும் கரண்டுக்கு முன்னால் ஒரு சின்னப் படம் எடுக்கிறார்கள். முந்தின படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்டு. இன்றைக்கு ஸ்பீக்கரில் பெனிட்டாவின் குரல்.

"பாட்டி, படம் கலங்குது. தாடையை அசைக்கிறீங்க."

நான் அசைக்கவில்லை. மறுபடி எடுத்தாள். மறுபடி கலங்கியது. உள்ளே வந்து அச்சைக் கழற்றிவிட்டு, "உள்ள படுத்துக்கிட்டு என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

பெரியநாயகி டீச்சரை என்று எழுதினேன். அதற்கு முந்தின தடவை நகைக்கடைக்காரனை.

"பல்லைக் கடிக்கிறீங்க பாட்டி! சின்ன அசைவுகூட படத்தைக் கலக்கிரும். மூக்குத்தியை எடுத்தும் பிரயோஜனம் இல்லாம போயிரும். படம் எடுக்கிற நேரம் மட்டும் யார் மேலயும் கோவப்படாதீங்க, சரியா?"

என்னிடம் போய் இதைக் கேட்கிறாள்.

மறுபடி படுத்தேன். யாரை நினைத்தால் தாடை அசையாமல் இருக்கிறது என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். குணசீலன், ஆனால் அவன் நட்டு முடுக்கியது ஞாபகம் வந்தது. இந்துமதி, ஆனால் அந்தக் காபி. கடைசியில் ஓர் ஆள் அகப்பட்டது. படம் கண்ணாடி மாதிரி வந்ததாம். யாரை நினைத்தேன் என்று இதில் எழுதமாட்டேன். இந்த டைரியை அவள் எடுத்துப் படிக்கிறாள்.

மார்ச் 12, செவ்வாய்

வாயெல்லாம் புண். கஞ்சி, மண் மாதிரி இருக்கிறது. அக்கா அதில் கொஞ்சம் மோர் விட்டு, ஆறவைத்து, ஸ்பூனால் கொடுக்கிறாள். நான் பேசமுடியாது என்கிற தைரியத்தில், எனக்குப் பதிலும் அவளே சொல்லிக்கொள்கிறாள். "போதுமாட்டி? போதாதுக்கா. இன்னும் ரெண்டு வாய் குடிக்கியா? குடிக்கேன் அக்கா, உன் கைக்கு அமுதமா இருக்கு." நான் அப்படிச் சொல்லவே மாட்டேன்.

இரண்டு வாய் குடித்தேன்.

மார்ச் 13, புதன்

எழுத முடியவில்லை.

மார்ச் 27, புதன்

கன்னம் கறுத்துத் தோல் உரிகிறது. இனி இருப்பது கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் சொன்னார். கரண்டைச் சொன்னார். இந்துமதி வேறு மாதிரி எடுத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவள் அழுததையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன். காபிக்குப் பக்கத்தில்.

ஏப்ரல் 3, புதன்

கடைசிக் கரண்டு முடிந்தது. அச்சை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டலாம்.

பெனிட்டா வெளியே வந்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு, வலது கண்ணுக்கு நேரே விரல் காட்டி எத்தனை என்றாள். எண்ணிக்கையை எழுதிக் காட்டினேன். கூடவே, உன் விரலில் நகப்பூச்சு உதிர்ந்திருக்கிறது, தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதினேன். அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

டாக்டர் என் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "தோல் நல்லா தேறணும் பாட்டி. இந்த வருஷம் முழுக்க மூக்குத்தி வேண்டாம். ஓட்டை தூர்ந்துபோனாலும் போகட்டும்."

அறையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மூக்குத்தியை எடுத்து நீட்டினாள். "இந்தாட்டி. நான் தூத்துக்குடி பஸ்ஸுக்குப் போணும். பத்திரமா வச்சுக்க. தேறுனப்பறம் நானே வந்து போட்டுவிடுதேன்."

அவள் மூக்கில் ஒற்றைக்கல் ஒன்று கிடக்கிறது. கல்லும் மங்கல், கவரிங்காக இருக்கும். அதைக் கழற்றச் சொல்லிக் கை காட்டினேன். எதற்கு என்று கேட்டபடியே கழற்றினாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னட்டி பண்ணுத?"

மூக்குல கெடந்தா தொலையாது என்றேன். வாய்ப் புண்ணோடு பேசினேன். எழுதிக் காட்டுகிற விஷயம் இல்லை அது.

திருகிப் போட்டேன். எதிர்ப்பக்கம்தான். ஏழு கல்லும் அவள் மூக்கில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தால், எனக்கு இத்தனை வருஷமும் எடுப்பாக இல்லை என்பது தெரிகிறது. அம்மாவின் மூக்கு அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் மூக்கை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அப்புறம், "சரி, உன் மூக்கு தேறட்டும். அடுத்த வருஷம் கழட்டித் தந்துருதேன்" என்றாள்.

இந்தப் பக்கத்திலேயே எழுதி அவளிடம் காட்டினேன்: எந்தப் பக்கம் திருகிக் கழட்டணும்னு எனக்கு மறந்துபோச்சு. நீயும் மறந்துரு.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் படித்தாள்.

"உனக்கு? மறந்துபோச்சு?" என்றாள்.